பொணத்தடத்தில் போனவள்

ஐப்பசி 2, செவ்வாய்

மழை. இந்த ஊர் வானத்துக்கு வேறு பிழைப்பே கிடையாது போலிருக்கிறது. துவைத்த பாவாடை அடுப்புக்கு மேலேயே தொங்குகிறது. காயவும் மாட்டேன் என்கிறது, எடுத்து உடுத்தினால் புகை நாற்றம். வயிற்றுக்குள் இருப்பது வேறு நேரங்காலம் இல்லாமல் உதைக்கிறது.

சாயங்காலம் கொஞ்சம் விட்டது. மாட்டுக்குப் புல்லறுக்கக் கிளம்பினேன். "நெறமாசக்காரி எங்கிட்டுடி கெளம்பிட்ட?" என்று அத்தை வாசலில் நின்று கத்தினாள். அவளுக்கு நான் உட்கார்ந்தாலும் குற்றம், எழுந்தாலும் குற்றம். மாமியார் என்று ஒரு பிறவியை எதற்காகத்தான் படைத்தானோ!

திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. குதிரைத்தடத்தில் ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கிறார்கள். தலைச்சுமையை யார் கையும் படாமல் இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். யார் வைத்த புண்ணியமோ, நன்றாக இருக்கட்டும். புல்லுக்கட்டை அதில் வைத்துவிட்டு நின்றேன். கீழேயிருந்து என் வீட்டுக்காரர் அரிசி மூட்டையோடு ஏறி வந்தார். வேர்த்து ஊற்றுகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, ஆனாலும் கல்லில் மூட்டையை இறக்கவில்லை.

"எறக்கி வச்சா மகாராசாவுக்கு மதிப்பு கொறஞ்சுருமோ?" என்றேன்.

என் புல்லுக்கட்டையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு தடவைகூட அந்தக் கல்லில் அவர் சுமை வைத்ததில்லை. ஆம்பளைத் திமிர், வேறென்ன.

பத்தாம் தேதி அப்பா வந்து பிரசவத்துக்குக் கூட்டிப்போவார். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஐப்பசி 5, வெள்ளி

இன்றும் அத்தை சுமைதாங்கிக் கல்லில் விளக்கேற்றிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை தவறாது. மழையில் அணைந்துவிடக் கூடாதென்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். கல்லுக்கு இத்தனை கரிசனம். எனக்கு இடுப்பு வலிக்கிறது என்றால் மட்டும், "நாங்கள்லாம் பெறலையா?"

இந்த ஊருக்கு இரண்டு தடம். ஒன்று குதிரைத்தடம். காப்பி மூட்டை ஏற்றிய குதிரைகள் போகிற வழி, மலையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இறங்கும். காலையில் கிளம்பினால் மத்தியானம்தான் தார்ரோடு. இன்னொன்று பொணத்தடம். ஊருக்குப் பின்னாலிருந்து நேரே கீழே சுடுகாட்டுக்கு இறங்குகிறது. சுடுகாட்டைத் தாண்டினால் கூப்பிடு தூரத்தில் எஸ்டேட்டின் ஜீப் ரோடு. ஆனால் அதில் பொம்பளை கால் வைக்கக் கூடாது. ஆம்பளையும் பொணத்துக்குப் பின்னால் மட்டும்தான் போகலாம். சும்மா ஒருத்தன் நடந்தால் ஊரில் சாவு தொடருமாம்.

கல்யாணமான புதிதில் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு போய் அதில் ஓரடி வைத்துவிட்டேன். அத்தை போட்ட கூப்பாட்டில் ஊரே கூடி, என் தலையில் மஞ்சத்தண்ணீரைக் குடம் குடமாய் ஊற்றினார்கள். செத்தவர்களுக்குக் குறுக்குவழி, உயிரோடு இருப்பவர்களுக்குச் சுற்றுவழி. நல்ல ஊர், நல்ல சட்டம்!

ஐப்பசி 7, ஞாயிறு

குதிரைத்தடம் இல்லை.

விடிகிற நேரத்தில் மலையே இருமியது மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வளைவுப்பாறையைச் சேர்த்துத் தடத்தில் பாதியைக் காணோம். சேறும் மரமும் பாறையுமாய்க் கீழே கிடக்கிறது. இன்னும் வழிந்துகொண்டே இருக்கிறது, கிட்டே போக முடியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவரைக்கும் சரி. அப்பா எப்படி வருவார்? எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஐப்பசி 9, செவ்வாய்

எழுதாவிட்டால் யாரையாவது கடித்துவிடுவேன்.

குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க வந்த எஸ்தர் நர்ஸக்கா, மண்சரிவில் மாட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறாள். இன்று காலையில் என்னைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. முகம் மாறிவிட்டது. வெளியே வந்து இவரிடம் சொன்னாள், "பிள்ளை குறுக்கால கெடக்கு. வலி கண்டபெறகு இங்க வச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு உசுரும் போயிரும். அதுக்கு முந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேசன் பண்ணனும்."

இவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸக்கா அவர் தோளைத் தொட்டு, "பரிமளத்துக்கு ஆன மாதிரி இதுக்கும் ஆக விடக் கூடாது, சுருளி" என்றாள்.

எந்தப் பரிமளம்?

நான் கேட்டதும் நர்ஸக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒனக்குச் சொல்லலையா தமயந்தி?" என்றாள். பிறகு அவள்தான் சொன்னாள். என் வீட்டுக்காரருக்கு முதல் சம்சாரம் பரிமளம். பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்து செத்தவள். சூலியாய்ச் செத்தவளுக்கு இறக்காத சுமை நின்றுவிடும் என்று சுமைதாங்கி வைப்பார்களே, அதுதான் எல்லையில் நிற்கிற கல்.

அடியாத்தி! அவள் கல்லிலா நான் தினமும் புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு இளைப்பாறினேன்? அவள் கல்லைக் காட்டியா இவரைக் கேலி பண்ணினேன்?

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இவரைப் பார்த்துக் கேட்டேன், "எங்கப்பனுக்குத் தெரியுமா?" தலையை ஆட்டினார், தெரியாது என்று. "ஏன் மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா குடுத்துருக்க மாட்டாக."

"குடுத்துருக்க மாட்டாகதான்! ரெண்டாந்தாரம்னு தெரிஞ்சா எவன் குடுப்பான்?" கையில் கிடைத்த சொம்பை எறிந்தேன். நெற்றியில் பட்டது. துடைக்கவில்லை. அப்படியே நின்று, கேட்காததையும் சொன்னார்.

"அவளையும் டோலி கட்டிக் குதிரைத்தடத்துலதான் தூக்கிட்டுப் போனோம். வளைவுப்பாறைகிட்ட உசிரு போயிருச்சு. திருப்பி ஊருக்குக் கொண்டாந்தோம். மறுநா பொணத்தடத்துல எறக்குனோம். வெத்தலை போட்டுத் துப்புறதுக்குள்ள சுடுகாடு வந்துருச்சு, தமயந்தி. அங்கயிருந்து பாத்தா எஸ்டேட் ஜீப்பு நிக்கிது."

நான் அவருக்குச் சோறு போடவில்லை. காயத்துக்கு மட்டும் மஞ்சள் குழைத்து வாசலில் வைத்தேன், சீழ் கட்டினால் அதற்கும் நான்தானே பார்க்க வேண்டும்.

ஐப்பசி 10, புதன்

சாவடியில் ஊர்க்கூட்டம். எனக்காகத்தான், ஆனால் என்னைக் கூப்பிடவில்லை. நானே போய்த் தூணில் சாய்ந்து நின்றேன்.

ஊர்த் தலைவர் கெங்கையாவைப் பெரியதனம் என்பார்கள். கெட்ட மனுஷர் இல்லை. பிள்ளைகளைக் கண்டால் மடியிலிருந்து கடலை எடுத்துக் கொடுப்பவர். ஆனால் சாத்திரம் என்றால் கல். "பொணத்தடத்துல உசிரோட ஒரு ஆளு எறங்குனதில்ல. நான் இருக்கவரைக்கும் எறங்கவும் விட மாட்டேன். ஒரு உசிரக் காப்பாத்தப் போயி ஊர் உசிர எவன் காப்பாத்துறது?"

நர்ஸக்கா சண்டை போட்டாள். இவர் பெரியதனத்தின் காலில் விழுந்தார். ஒருத்தரும் அசையவில்லை. அவர்களுக்கு என்மேல் பகையில்லை, பயம். எனக்கும் பயம்தான். குறுக்கே கிடக்கிற பிள்ளையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பொம்பளைகள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தாள். ஊர்க்கூட்டத்தில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லையாம்.

"உசிரோடதான போகக் கூடாது? பொணம் போகலாமில்ல? அப்ப எம்மருமகள பொணமாவே தூக்கிட்டுப் போங்க."

கூட்டம் மொத்தமும் திரும்பி அத்தையைப் பார்த்தது.

பெரியதனம் தாடையைச் சொறிந்தார். பிறகு சொன்னார், "செய்யலாம். ஆனா அரைகுறையாச் செஞ்சா ஒத்துக்கிட மாட்டேன். குளிப்பாட்டணும், பாடை கட்டணும், சங்கு ஊதணும், சம்பந்தக்காரகளுக்குத் துட்டிச் சேதி சொல்லணும், புருசன் தாலி எறக்கணும். ஒண்ணும் விடக் கூடாது. இன்னொண்ணு. பொணமாப் போனது திரும்பி ஊருக்குள்ள வரக் கூடாது. நல்லா யோசிச்சுக்கங்க."

"எங்கயாச்சும் உசிரோட இருக்கட்டும்," என்றாள் அத்தை.

இவர் என்னைப் பார்த்தார். நேற்றிலிருந்து இவர் முகத்தில் முழிப்பதில்லை என்று இருந்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "என்னையக் கேக்கவே மாட்டீங்களா? தூக்குங்க!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி 11, வியாழன்

தண்ணீர் காய்கிறது. என்னைக் குளிப்பாட்ட.

நர்ஸக்காவும் கூட வர வேண்டும். பொம்பளை அந்தத் தடத்தில் எப்படி என்று பெரியதனம் இழுத்தார். "வேலை பாக்கயில நான் பொம்பளையும் இல்ல ஆம்பளையும் இல்ல, கவர்மெண்டு" என்றாள். கவர்மெண்டுக்குச் சாத்திரத்தில் தடை ஒன்றும் காணோம். இந்த நோட்டை அவள் பையில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி 14, ஞாயிறு. ஆஸ்பத்திரி

உயிரோடு இருக்கிறேன். பெண் குழந்தை. வயிற்றில் தையல், சிரித்தால் வலிக்கிறது. சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் கனவில் வந்துகொண்டே இருக்கும்.

சுமங்கலியாய்ச் சாகிறவளுக்குக் கல்யாண அலங்காரம். கூறைச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, நெற்றியில் காசு ஒட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பொம்பளைகள் வந்து வாயில் அரிசி போட்டார்கள். முதலில் சும்மாதான் அழுதார்கள், கூச்சத்தோடு. ஒருத்தி சிரித்துக்கூட விட்டாள். அப்புறம் அத்தை என் நெஞ்சில் விழுந்து ஒப்பாரி ஆரம்பித்தாள். ஆத்தாடி, அது நடிப்பில்லை. "சொமையோட போறியே, எறக்கி வைக்க நான் வரலையே" என்று அவள் அழுததில் பாடைக் கம்பு அதிர்ந்தது. நடுவில் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். என் பேர் இல்லை. பரிமளம், பரிமளம் என்றுதான் கூப்பிட்டாள். ஒருத்தரும் திருத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நானும் அழுதேன், பொணம் அழக் கூடாதென்று தெரிந்தும்.

ஊர் எல்லையில் பொம்பளைகள் நின்றுவிட்டார்கள். அதுதான் வழக்கம். அத்தையின் சத்தம் பின்னால் தேய்ந்துபோனது. பெரியதனம் முன்னால் சங்கோடு நடந்தார், பின்னால் கொட்டு. தடம் வழுக்கியது. பாதி வழியில் முதுகைப் பிளந்துகொண்டு வலி வந்தது. துணியைக் கடித்தேன். அடுத்த வலிக்குத் தாங்கவில்லை, "அம்மா" என்று கத்திவிட்டேன்.

பாடை நின்றுவிட்டது. தூக்கியவர்கள் உறைந்துபோனார்கள். பொணம் வாய் திறந்தால் சாத்திரம் அவ்வளவுதான். இத்தோடு கீழே போட்டுவிட்டு ஓடப்போகிறார்கள் என்று நினைத்தேன். பெரியதனம் திரும்பிப் பார்க்கவில்லை. "என்னடா நிக்கிறீக? ஓங்கி அடிங்கடா கொட்ட! எங் காதுல எதுவும் விழுகக் கூடாது!" என்று கத்திவிட்டு, தம் கட்டிச் சங்கை ஊதினார். அதற்கப்புறம் நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவு அடித்தார்கள்.

சுடுகாட்டில் இறக்கினார்கள். இவர் தோளில் குடம் வைத்து என்னைச் சுற்றி வந்தார். குடத்தை உடைத்தார். குனிந்து தாலியில் கை வைத்தார், முடிச்சு அவிழவில்லை. "சும்மாதான் தமயந்தி, இது சும்மாதான்" என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணீர் என் கழுத்தில் சூடாக விழுந்தது. கடைசியில் தலைவழியாகக் கழற்றிவிட்டார். சும்மாவாவது ஒன்றாவது. கழுத்து வெறிச்சென்று ஆனதும் நிஜமாகவே செத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

காரியம் முடிந்தால் திரும்பிப் பார்க்காமல் எல்லோரும் போய்விட வேண்டும். பொணத்தை விட்டுவிட்டு! இது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இளவட்டங்கள் முழித்தார்கள். நர்ஸக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். பெரியதனம்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார், "திரும்பிப் பாக்கக் கூடாதுன்னுதானடா சாத்திரம்? திரும்பாம இப்பிடியே நேரா நடங்க. பாடையத் தூக்கிக்கிட்டு நடங்கடா, எடுபட்ட பயலுகளா!"

நேரே நடந்தார்கள். ஜீப் நின்றது. அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை.

இவர் வராந்தாவிலேயே கிடக்கிறார். நான் பார்ப்பதில்லை. அதே சட்டை, தோளில் குடம் வைத்த ஈரக்கறை சேறாகிக் காய்ந்திருக்கிறது. சாப்பிட்டாரோ என்னவோ. தாலி அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

ஐப்பசி 15, திங்கள்

சாமி, இதையும் பார்க்க வேண்டியிருந்ததே.

மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஒப்பாரிச் சத்தம். யாருக்கோ என்ன கஷ்டமோ என்று எட்டிப் பார்த்தேன். எங்கப்பா. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் கோடிச்சேலை, பின்னால் சித்தப்பாவும் சொந்தக்காரர்களும். வார்டு நர்ஸிடம், "எம்மக பொணத்த எங்கம்மா போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அப்பா" என்றேன்.

திரும்பினார். என்னைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார். "அய்யோ" என்று ஒரே சத்தம், அப்படியே மயங்கி விழுந்துவிட்டார்.

பாடைக்குப் பின்னாலேயே இறங்கி, துட்டி சொல்லப் போனவன் செய்த வேலை. ஆற்றில் வெள்ளம், பஸ் ஓடவில்லை, சுற்றிச் சுற்றி நேற்றுத்தான் எங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறான். வாசலில் நின்று, "மலைமேல உங்க மக தவறிருச்சு" என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பிவிட்டான். துட்டி சொன்னவன் தண்ணீர் குடிக்கக் கூடாது, ரெண்டாவது பேச்சு பேசக் கூடாது. ஒன்றும் விடக் கூடாது என்று பெரியதனம் சொல்லியிருந்தாரே, ஒன்றையும் விடவில்லை மகராசன்! எஸ்டேட் கேட்டில் விசாரித்ததற்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றிருக்கிறார்கள். பிரேதம் இருக்கிறது என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் தெளித்து எழுப்பினோம். அப்பா என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். மூச்சு விடுகிறேனா என்று மூக்குக்கு நேரே விரல் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தெளிந்ததும் எல்லாம் கேட்டார். பரிமளம் கதையையும் மறைக்காமல் சொன்னேன். எழுந்து போய் இவர் கன்னத்தில் ஒன்று விட்டார். இவர் இன்னொரு கன்னத்தையும் காட்டிக்கொண்டு நிற்கிறார். மரம்.

"தாலிதான் எறக்கியாச்சுல்ல. நல்லதாப் போச்சு. இனிமே அவனுக்கும் நமக்கும் ஒண்ணுமில்ல. நம்ம வீட்டுக்குப் போவம் தாயி," என்றார் அப்பா.

சரி என்றேன்.

ஐப்பசி 16, செவ்வாய்

சரி என்றுதான் சொன்னேன். தூக்கம்தான் வரவில்லை.

ஐப்பசி 19, வெள்ளி

இன்று வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அப்பா கார் பிடிக்கக் கிளம்பினார். அப்போது வார்டு வாசலில் அத்தை.

முழங்கால்வரைக்கும் சேறு. சேலையில் முள் கிழித்திருக்கிறது. கையில் தாம்பூலத்தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், பூ. யாரையும் கூட்டிவரவில்லை. குழந்தையைப் பார்த்தாள், ஆனால் தூக்கவில்லை. நேரே அப்பாவின் முன்னால் போய்த் தட்டோடு நின்றாள்.

"ஒங்களுக்கு ஒரு மக இருக்கறதாக் கேள்விப்பட்டேன். எம்மகனுக்குப் பொண்ணு கேட்டு வந்துருக்கேன்."

"என்னம்மா, கேலி பண்றீகளா?" என்று அப்பா எகிறினார்.

"கேலியில்ல சம்பந்தி. செத்தவ ஊருக்குள்ள திரும்ப முடியாது. புதுப்பொண்ணு வரலாம். போன தடவ பொய் சொல்லிக் கேட்டேன். இந்தத் தடவ சொல்லிட்டே கேக்குறேன். எம்மகனுக்கு ரெண்டு பொண்டாட்டி செத்துட்டா. மூணாந்தாரமாத்தான் கேக்குறேன். இஷ்டமிருந்தாக் குடுங்க. இல்லன்னா பேத்திய ஒருவாட்டித் தொட்டுட்டுப் போயிர்றேன்."

வார்டில் அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். இவர் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. கோபமா, என்ன எழவோ, ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னையக் கேளுங்க, அத்தை," என்றேன். "பொண்ணு நான்தான?"

திரும்பினாள்.

"வந்தா பொணத்தடத்துலதான் வருவேன். உசிரோட. நடந்து. எம்மகளத் தூக்கிக்கிட்டு. இவளுக்கும் நாளைக்கு இடுப்புவலி வரும். இவளையும் பாடையில வச்சா தூக்குவீங்க? அதுக்கு ஊர் சம்மதிச்சா வாரேன். இல்லன்னா எங்கப்பன் வீட்டுலயே இருந்துக்கிறேன். போயி ஒங்க பெரியதனத்தக் கேட்டுட்டு வாங்க."

"கேட்டாச்சு," என்றாள்.

"என்ன சொன்னாக?"

"ஒண்ணுஞ் சொல்லல. மூஞ்சியத் திருப்பி நின்னுக்கிட்டாக."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குதிரைத்தடத்தைத்தான் மண் மூடிக் கிடக்கிறதே. அவள் காலைப் பார்த்தேன். சேறு இன்னும் காயவில்லை.

"அத்தை, நீங்க எப்பிடி வந்தீங்க?"

"நடந்துதான்," என்றாள். "பரிமளத்தத் தூக்கிட்டுப் போறப்ப எல்லையில நின்னேன். ஒன்னையத் தூக்கிட்டுப் போறப்பவும் எல்லையிலதான் நின்னேன். இன்னைக்கு நிக்கல."

பெண் வீட்டார் வாங்க வேண்டிய தட்டு. அப்பா கையை நீட்டவில்லை. நானே வாங்கிக்கொண்டேன்.